ஏழு கிலோவுக்குள் ஒரு கல்யாணம்

கேள்வி: அண்ணே, காரைக்குடியில் கல்யாண போட்டோகிராபராக இருக்கிறேன். முதல் முறையாக வெளிநாட்டு ஆர்டர் வந்திருக்கிறது. கோலாலம்பூரில் நகரத்தார் வீட்டுக் கல்யாணம். திருச்சியிலிருந்து நானும் உதவிக்கு ஒரு பையனும் போகிறோம். சோனி ஏ7 ஃபோர் கேமரா பாடி இரண்டு, 24-70, 70-200, 35, 85 லென்ஸ்கள், கோடாக்ஸ் ஃபிளாஷில் ஏடி200 இரண்டு, ஏடி600 ப்ரோ ஒன்று, எட்டு கேமரா பேட்டரி, வீடியோ ஆடாமல் எடுக்க கிம்பல், டிரைபாட், லைட் ஸ்டாண்ட், லேப்டாப், ட்ரோன் எல்லாம் எடுத்துப்போக ஆசை. "பேட்டரியை எல்லாம் செக்-இன் பெட்டியில் போட்டுவிடு, கையில் கொண்டுபோனால் பிடுங்கிவிடுவார்கள்" என்கிறார் ஒரு நண்பர். இன்னொருவர் திரும்பி வரும்போது கஸ்டம்ஸில் கேமராவுக்கு வரி கேட்பார்கள் என்று பயமுறுத்துகிறார். எக்ஸ்ரேயில் மெமரி கார்டு அழிந்துவிடும் என்றும் கேள்விப்பட்டேன். எதை எதில் வைப்பது, எதை விட்டுவிட்டுப் போவது? கொஞ்சம் சொல்லுங்கள்.

— காரைக்குடி வாசகர்

பதில்: தம்பி, முதலில் அந்த நண்பர் சொன்னதற்கு நேர் எதிராகச் செய்யுங்கள். கேமராவிலோ ஃபிளாஷிலோ மாட்டாமல் தனியாக இருக்கும் எந்த லித்தியம் பேட்டரியும் செக்-இன் பெட்டிக்குள் போகக்கூடாது. உலகம் முழுக்க இதுதான் விதி. பவர் பேங்குக்கும் இதே கணக்கு. பெட்டியை உள்ளே ஸ்கேன் செய்யும்போது பேட்டரி தெரிந்தால் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், இல்லையென்றால் பெட்டியை ஏற்றாமலே விட்டுவிடுவார்கள். நீங்கள் கோலாலம்பூரில் இறங்கி நிற்கும்போது ஸ்டாண்டும் சாஃப்ட்பாக்ஸும் திருச்சியில் கிடக்கும்.

ஏன் இப்படி என்று தெரிந்துகொண்டால் விதி மறக்காது. லித்தியம் செல் ஒன்று உள்ளே ஷார்ட் ஆகிச் சூடேற ஆரம்பித்தால், அந்தச் சூடே பக்கத்துச் செல்லையும் கிளப்பிவிடும். விமானத்தின் அடியில் சரக்கு வைக்கும் அறையில் தீயணைக்க ஹேலான் வாயு இருக்கிறது. அது சுவாலையை அடக்கும், செல்லின் சூட்டைத் தணிக்காது. மேலே பயணிகள் பகுதியில் என்றால் புகை வந்த உடனே யாராவது பார்ப்பார்கள், பணிப்பெண்கள் தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பார்கள். 2010 செப்டம்பர் 3 அன்று துபாயில் யுபிஎஸ் நிறுவனத்தின் 747 சரக்கு விமானம் தீப்பிடித்து விழுந்து இரண்டு விமானிகளும் இறந்தார்கள். அந்தச் சரக்கில் ஏராளமான லித்தியம் பேட்டரிகள் இருந்தன. 2016 ஏப்ரல் 1 முதல் பயணிகள் விமானத்தில் லித்தியம் அயான் பேட்டரியைத் தனிச் சரக்காக ஏற்றுவதையே சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு நிறுத்திவிட்டது. 2025 ஜனவரி 28 அன்று தென் கொரியாவின் புசானில், கிளம்பத் தயாராக நின்ற ஏர் புசான் விமானத்தில் தலைக்கு மேலே இருக்கும் பெட்டியறையில் தீ கிளம்பியது. எல்லோரும் தப்பினார்கள், விமானம் எரிந்து நாசமாயிற்று. பவர் பேங்க்தான் காரணமாக இருக்கக்கூடும் என்றது விசாரணை. அதன் பிறகுதான் ஆசிய விமான நிறுவனங்கள் பவர் பேங்க் விஷயத்தில் இவ்வளவு கறார் காட்டத் தொடங்கின. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தவும் சார்ஜ் போடவும் தடை விதித்துவிட்டது. நீங்கள் எந்த விமானத்தில் போனாலும் பவர் பேங்கை மேலே தூக்கி வைக்காமல், இருக்கைக்கு அடியில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பறக்கும்போது அதைத் தொட வேண்டாம்.

இனி, எவ்வளவு கொண்டுபோகலாம் என்ற கணக்கு. பேட்டரியின் மேல் வோல்ட்டும் மில்லி ஆம்பியர் அவரும் (mAh) அச்சிட்டிருக்கும். மில்லி ஆம்பியரை ஆயிரத்தால் வகுத்து வோல்ட்டால் பெருக்கினால் வாட் அவர் (Wh), அதாவது பேட்டரி தாங்கும் ஆற்றல், வரும். 100 வாட் அவருக்குள் இருந்தால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதுவும் ஒருவருக்கு இரண்டுதான். 160-க்கு மேல் பயணிகள் விமானத்தில் இடமே இல்லை. உங்கள் சோனி பேட்டரி 7.2 வோல்ட், 2280 மில்லி ஆம்பியர், 16.4 வாட் அவர் வருகிறது. ஏடி200 பேட்டரி 14.4 வோல்ட், 2900, சுமார் 42. ஏடி600 ப்ரோ பேட்டரி 28.8 வோல்ட், 2600, சுமார் 75. இருபதாயிரம் மில்லி ஆம்பியர் பவர் பேங்க் 3.7 வோல்ட் கணக்கில் 74. ஆக, உங்கள் பட்டியலில் இருக்கும் எல்லாமே நூறுக்குள். எண்ணிக்கையிலும் ஒரு வரம்பு உண்டு: உதிரி பேட்டரி ஒருவருக்கு மொத்தம் இருபது என்பது பொது வழக்கம், சில நிறுவனங்கள் அதைவிடக் குறைவாக வைத்திருக்கின்றன. இரண்டு பேர் போகிறீர்கள், கவலையில்லை.

பிடுங்குவார்கள் என்று உங்கள் நண்பர் பயந்தது முழுக்கப் பொய்யும் இல்லை. எழுத்தெல்லாம் தேய்ந்துபோன பழைய பேட்டரி, அளவே அச்சிடாத மலிவு டூப்ளிகேட், உப்பிப்போனது இவற்றைச் செக்யூரிட்டியில் எடுத்து வைத்துக்கொள்ள அதிகாரிக்கு உரிமை இருக்கிறது. அப்படிப்பட்டதை வீட்டிலேயே விடுங்கள். மீதியை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் மூடியிலோ சின்ன ஜிப் கவரிலோ போட்டு, முனைகள் வேறு உலோகத்தில் படாதபடி, எழுத்து வெளியே தெரிகிற மாதிரி ஒரே கண்ணாடிப் பையில் வைத்து டிரேயில் தனியாக எடுத்து வையுங்கள். கேட்பதற்கு முன்னாலேயே காட்டிவிட்டால் பாதிக் கேள்வி வராது.

போர்டிங் கேட்டில் ஒரு விஷயம் இருக்கிறது, பல பேர் மாட்டிக்கொள்வது அங்கேதான். விமானம் நிரம்பிவிட்டால் ஊழியர்கள் கையில் இருக்கும் பையை வாங்கி, டேக் போட்டு, அடியில் ஏற்றிவிடுவார்கள். அவசரத்தில் நாமும் கொடுத்துவிடுவோம். உள்ளே எட்டு பேட்டரி! அதனால் அந்தக் கண்ணாடிப் பையை, சட்டென்று உருவி எடுக்கிற மாதிரி மேலேயே வையுங்கள். அதனோடு மெமரி கார்டு பர்ஸும் இருக்கட்டும். பையை வாங்கியே தீருவேன் என்றால் இரண்டையும் எடுத்துக்கொண்டு, முடிந்தால் ஒரு பாடியையும் ஒரு லென்ஸையும் தோளில் மாட்டிக்கொண்டு, மீதியைக் கொடுங்கள். உள்ளே கேமரா இருக்கிறது, உடையும் பொருள் என்று பணிவாகச் சொல்லிப் பாருங்கள். குரல் உயர்த்தினால் வேலைக்கு ஆகாது.

அடுத்தது எடை. உண்மையான சண்டை இதுதான். திருச்சி–கோலாலம்பூர் மலிவு விலை விமானங்களில் கைப்பை ஏழு கிலோ. பெரிய பையும் சின்னப் பையும் சேர்த்தே ஏழு. செக்-இன் கவுன்டரில் தப்பித்தாலும் சில நாள் போர்டிங் கேட்டில் தராசு நிற்கும். உங்கள் பட்டியலைப் போட்டுப் பார்ப்போம். ஏ7 ஃபோர் பேட்டரியோடு 658 கிராம், இரண்டு சேர்ந்து 1.3 கிலோ. 24-70, 70-200 இரண்டும் சோனியின் உயர்தர ஜிஎம் வகையில் புதிய பதிப்பு என்றே வைத்துக்கொள்வோம், 695-உம் 1045-உம். 85, 35 இரண்டும் எஃப் 1.8 வகை என்றால் 371-உம் 280-உம். இதுவரை 3.7 கிலோ. எட்டு பேட்டரி 660 கிராம். லேப்டாப் 1.6. வெறும் பையே ஒன்றரைக் கிலோ. கூட்டினால் ஏழரை. இன்னும் சார்ஜரோ ஃபிளாஷோ கிம்பலோ உள்ளே வரவில்லை. பழைய 70-200 என்றால் இன்னும் கூடும். உருளும் சக்கரம் வைத்த கேமரா பையை வாங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதி எடை பைக்கே போய்விடும். பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் நீங்கள் இரண்டு பேர், பதினாலு கிலோ. பிரிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பாடியெல்லாம் உங்களிடம், லென்ஸெல்லாம் பையனிடம் என்று வகை பார்த்துப் பிரிக்காதீர்கள். எந்த ஒரு பை நின்றுபோனாலும் மற்றொன்றை வைத்துத் திருப்பூட்டு, அதாவது தாலி கட்டுவதை, எடுத்துவிட முடிய வேண்டும். உங்களிடம் ஒரு பாடி, 24-70, 35, நான்கு பேட்டரி, ஒரு சார்ஜர், லேப்டாப். பையனிடம் இன்னொரு பாடி, 70-200, 85, நான்கு பேட்டரி, இன்னொரு சார்ஜர், கையில் பிடிக்கிற சின்ன ஃபிளாஷ். இப்படிப் பிரித்தால் இருவரும் ஏழுக்குள் வந்துவிடுவீர்கள், கொஞ்சம் இடமும் மிஞ்சும். மிஞ்சாவிட்டால், பல நிறுவனங்கள் கூடுதல் கைப்பை எடையைக் காசுக்குத் தருகின்றன. முன்கூட்டியே ஆன்லைனில் வாங்குங்கள். கேட்டில் நின்று வாங்கினால் விலை வேறு. நிறைய பாக்கெட் வைத்த ஜாக்கெட் போட்டுக்கொண்டு 85 லென்ஸை உள்ளே திணிப்பதும் நடக்கும், நான் குறை சொல்ல மாட்டேன். எடை பார்க்கும் இடத்தில் மாப்பிள்ளைத் தோழன் போல உப்பி நிற்காமல் இருந்தால் சரி.

ஸ்டாண்ட், டிரைபாட், சாஃப்ட்பாக்ஸ், குடை, கிளாம்ப் எல்லாம் செக்-இன். டிரைபாடைக் கையில் கொண்டுபோகலாமா என்பது பெரும்பாலும் அன்றைக்கு நிற்கிற அதிகாரியின் முடிவு. அந்த வாதத்தில் இறங்க வேண்டாம். அலன் கீ, ஸ்க்ரூ டிரைவர், கத்தி, கத்தரிக்கோல் எதுவும் கைப்பையில் இருக்கக்கூடாது. கேமரா பையின் ஓரப் பாக்கெட்டில் பல மாதமாகக் கிடக்கிற அந்தச் சின்ன அலன் கீயை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். தூசு ஊதும் கேஸ் டப்பா எதிலும் கூடாது, ரப்பர் ஊதி போதும். ஏடி200-ஐ எடுத்துப்போவதானால் பேட்டரியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஃபிளாஷை மட்டும் வேட்டி துண்டுகளுக்கு நடுவே சுற்றிச் செக்-இன்னில் போடலாம். கிம்பலின் பேட்டரிக் கைப்பிடி கழலும் என்றால் அதே கதைதான். கழலாது என்றால் கிம்பல் முழுவதும் கையோடு வருவதே நல்லது, இல்லையென்றால் வீட்டில் இருக்கட்டும்.

என் அபிப்பிராயம், ஏடி600 ப்ரோவைக் கொண்டுபோகாதீர்கள். மூன்று கிலோ, ஸ்டாண்டும் சாஃப்ட்பாக்ஸும் தனி. கோலாலம்பூரில் லைட் வாடகைக்குத் தருகிற கடைகள் தாராளமாக இருக்கின்றன, கோடாக்ஸ் அங்கேயும் எல்லோர் கையிலும் உண்டு. கல்யாண வீட்டாரிடம் சொன்னால் உள்ளூர் போட்டோகிராபர் ஒருவரைப் பிடித்துத் தருவார்கள். கேமராவிலிருந்து ஃபிளாஷை இயக்குகிற உங்கள் டிரிகரை மட்டும் கொண்டுபோங்கள். கூடுதல் செக்-இன் எடைக்கு இரண்டு வழிக்கும் கட்டுகிற காசையும் ஒரு நாள் வாடகையையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வாடகை கொஞ்சம் கூடுதலாக வந்தாலும் நான் வாடகைக்கே எடுப்பேன்.

ட்ரோன் வேண்டாம். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. மலேசியாவில் காசு வாங்கிக்கொண்டு பறக்கவிட விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும், வானிலிருந்து படம் எடுக்க நில அளவைத் துறையின் அனுமதியும் வேண்டும். திரும்பி வரும்போது இன்னொரு தலைவலி: 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன்களை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. அது உங்களுடையதுதான், இங்கிருந்துதான் கொண்டுபோனீர்கள் என்று திருச்சியில் நின்று நிரூபிக்கவேண்டி வரும். வான்காட்சி கட்டாயம் என்று வீட்டார் சொன்னால், அனுமதி வைத்திருக்கிற உள்ளூர் ஆளை அவர்களே ஏற்பாடு செய்யட்டும்.

கஸ்டம்ஸ் பற்றிப் பயமுறுத்தியவர் அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் சொந்தக் கேமராவைத் திரும்பக் கொண்டுவந்தால் வரி கிடையாது. ஆனால் அது இங்கிருந்து போனதுதான் என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது. திருச்சி கஸ்டம்ஸ் தங்கம் பிடித்துப் பிடித்துப் பழகிய இடம், கண் கூர்மை. அதனால் கிளம்பும்போதே கஸ்டம்ஸ் கவுன்டரில் ஏற்றுமதிச் சான்று கேட்டு வாங்குங்கள். விலை உயர்ந்த சொந்தப் பொருளை வெளியே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருகிறவர்களுக்காகவே இருக்கிற ஏற்பாடு இது. வீட்டிலேயே ஒரு தாளில் ஒவ்வொரு பாடி, லென்ஸின் பெயர், மாடல், சீரியல் எண், தோராய மதிப்பு எழுதி, மூன்று பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிய பில் இருந்தால் அதன் நகலும் வேண்டும். அதிகாரி பொருளைக் கண்ணால் பார்த்துச் சீரியல் எண்ணைச் சரிபார்த்த பிறகுதான் முத்திரை குத்துவார், அதனால் சான்றில் எழுதுகிற பொருள் எல்லாம் கைப்பையில் இருக்கவேண்டும். இதற்காகவே வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். அங்கே புது லென்ஸ் வாங்கினால் பில்லோடு திரும்பி, கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். பழைய லென்ஸ் என்று மழுப்பினால் சீரியல் எண் காட்டிக்கொடுத்துவிடும்.

ஏடிஏ கார்னே என்று ஒன்று இருப்பதை யாராவது சொல்லுவார்கள். தொழில் கருவிகளைத் தற்காலிகமாக வெளிநாட்டுக்குக் கொண்டுபோக, ஓராண்டுக்குச் செல்லுபடியாகும் சுங்க ஆவணம் அது. இந்தியாவில் தொழில் வணிகச் சபைகளின் கூட்டமைப்பான ஃபிக்கி வழங்குகிறது. பிணைத்தொகை, பட்டியல், ஒவ்வொரு எல்லையிலும் முத்திரை என்று வேலை நிறைய. லாரி லாரியாக லைட் கொண்டுபோகிற விளம்பரப் படக் குழுவுக்கு அது வேண்டும். இரண்டு பாடிக்கு வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 1-இல் தொடங்கி இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியாவில் முப்பது நாள் தங்கலாம் என்ற சலுகை வந்தது. அது சுற்றிப் பார்க்கவும் உறவினர் வீட்டுக்குப் போகவும். காசு வாங்கிக்கொண்டு கல்யாணம் எடுப்பது வேலை. அதற்குத் தொழில்முறை வருகை பாஸ் என்று தனியாக இருக்கிறது, அங்குள்ள நிறுவனம் ஒன்று உங்களுக்காக விண்ணப்பிக்க வேண்டும். "எல்லோரும் டூரிஸ்ட் என்றுதான் போகிறார்கள்" என்பார்கள். குடிநுழைவு அதிகாரி பையைத் திறந்து, இரண்டு பாடி, நாலு லென்ஸ், கையில் கல்யாண அட்டவணை என்று பார்த்தால் என்ன சொல்வீர்கள்? திருப்பி அனுப்பினால் நஷ்டம் உங்களுக்கு மட்டும் இல்லை, முகூர்த்தத்தன்று கேமரா இல்லாத வீட்டுக்கும்தான். ஆர்டர் கொடுத்தவரிடம் இன்றைக்கே பேசுங்கள். அந்த ஊர்க் கல்யாண ஏற்பாட்டு நிறுவனம் மூலம் பாஸ் எடுக்க முடியுமா என்று கேளுங்கள், அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால் இது முடிவாக வேண்டும். டிஜிட்டல் வருகை அட்டையைப் போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும்.

எக்ஸ்ரே மெமரி கார்டை அழிக்காது, சென்சாரையும் ஒன்றும் செய்யாது. எத்தனை முறை போனாலும் பயமில்லை. ஃபிலிம் சுருள் வைத்திருப்பவர்கள்தான் பயப்பட வேண்டும். மருத்துவமனையில் இருப்பது போன்ற புதிய சி.டி. (CT) வகை ஸ்கேனர் குறைந்த ஐஎஸ்ஓ ஃபிலிமையும் கெடுத்துவிடும், செக்-இன் ஸ்கேனர் அதைவிட மோசம். அவர்கள் கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

காப்பீடு. செக்-இன் பெட்டி தொலைந்தால், 1999-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி ஒரு பயணிக்கு உச்சவரம்பு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு). 2024 டிசம்பர் 28-இல் உயர்த்திய தொகை இது, நம் பணத்தில் இரண்டு லட்ச ரூபாயைச் சுற்றி வரும். பெட்டியில் ஒரு 70-200 இருந்தாலே அதில் பெரும்பங்கு போய்விடும். அதுவும் எளிதில் கைக்கு வராது. கேமரா, நகை, உடையும் பொருளுக்குப் பொறுப்பில்லை என்று டிக்கெட் நிபந்தனையிலேயே எழுதியிருப்பார்கள். பெட்டி வராவிட்டாலோ உடைந்திருந்தாலோ விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே நிறுவனத்தின் கவுன்டரில் புகார் எழுதிப் பிரதி வாங்குங்கள். சேதத்துக்கு ஏழு நாளுக்குள் எழுத்தில் கொடுத்தாக வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீடு தொழில் கருவியைச் சேர்ப்பதில்லை. கருவிகளுக்கென்று தனியாக ஆல் ரிஸ்க் பாலிசி எடுங்கள், அதில் இந்தியாவுக்கு வெளியேயும் செல்லும் என்ற வரி இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். ஏஜென்ட் சொன்னால் போதாது.

திரும்பும் பயணத்தில் முன்னுரிமை மாறிவிடும். போகும்போது கேமரா முக்கியம், வரும்போது கார்டு. கேமரா போனால் வாங்கலாம், அந்தத் திருப்பூட்டை யாரும் மறுபடி நடத்திக் காட்டமாட்டார்கள். இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகட்டும். அன்று இரவே இரண்டு எஸ்எஸ்டியில் காப்பி எடுங்கள். கார்டுகள் உங்கள் உடம்போடு, ஒரு எஸ்எஸ்டி பையனின் பையில், இன்னொன்று கல்யாண வீட்டில் ஒருவரிடம். நீங்கள் காரைக்குடி வந்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தேன் என்று சொல்லும்வரை அவர் அதைத் தொடக்கூடாது. கார்டை ஃபார்மட் செய்வதும் அதற்குப் பிறகுதான்.

சில்லறை விஷயங்கள் இரண்டு. மலேசியாவில் பிளக் மூன்று சதுர முள், நம் சார்ஜர் நேராக நுழையாது. குறைந்தது இரண்டு அடாப்டர் வேண்டும், ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியும் எடுத்துக்கொண்டால் எல்லாச் சார்ஜரையும் ஒரே அடாப்டரில் ஓட்டலாம். மண்டபத்து ஏசியிலிருந்து வெளி வெயிலுக்கு வந்தால் லென்ஸில் ஆவி படியும், அங்கே ஈரப்பதம் நம் ஊரைவிட அதிகம். கோயிலுக்குப் போகுமுன் பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள்.

இறங்கியதும் இரண்டு பாடியிலும் கடிகாரத்தை மாற்றிவிடுங்கள், அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு இன்னொன்றை மறந்தால், ஊருக்கு வந்து ஆல்பத்துக்குப் படம் அடுக்கும்போது மாப்பிள்ளை அழைப்பு திருப்பூட்டுக்குப் பிறகு வந்து நிற்கும்.